முதுகுக்குப் பின்னால் வருகிறவர்கள்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவள்தான். ஆனால் திட்டுவதென்றால் மதுரைத் தமிழ்தான் வசதி. விளாங்குடியில் ஒரு பள்ளியில் விளையாட்டுச் சொல்லித்தரும் பி.டி. டீச்சராக இருந்தேன். 1998-ல் என்னிடம் அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டவள் ஒன்பதாம் வகுப்பு முனீஸ்வரி.

எழுமலைப் பெண், அவள் அம்மா கொண்டுவந்து விட, ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். நன்றாக ஓடுவாள். ஆனால் கோ-கோவில் ஓட்டம் மட்டும் போதாது. விரட்டும் அணியில் எட்டுப் பேர் வரிசையாகக் குந்தியிருக்க வேண்டும். ஒன்பதாவது ஆள் பின்னால் வந்து முதுகைத் தொட்டு 'கோ' என்றதும், தொடப்பட்டவள் எழுந்து பாய வேண்டும். இவளோ தலையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சுருண்டுவிடுவாள்.

"தொட்டா மரவட்டை ஆயிர்றா டீச்சர்" என்று கேப்டன் அழகம்மாள் கேலி செய்வாள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

மாவட்டப் போட்டிக்கு வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்க வேண்டும். இவள் பெயரை அடித்துவிடுங்கள் என்றார் தலைமையாசிரியை. எனக்கு மனசில்லை. பயத்தைத் தெளியவைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். வியாழக்கிழமை பயிற்சியில் சத்தமில்லாமல் பின்னால் போய், "எந்திரிடீ!" என்று முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன். எங்களுக்கு எங்கள் டீச்சர் அப்படித்தான் பயம் தெளிவித்தார்.

முகம் குப்புற மண்ணில் விழுந்தாள். "வேணாம்ப்பா... இனிமே எதுத்துப் பேச மாட்டேம்ப்பா..."

அவள் அம்மா எதற்காக அவளை ஹாஸ்டலில் கொண்டுவந்து விட்டாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கையைப் பார்க்கவே எனக்குக் கூசியது.

மற்றவர்களை அனுப்பிவிட்டு, அவள் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதிரே, கொஞ்சம் தள்ளி மண்ணில் உட்கார்ந்தேன்.

"வீட்ல என்ன நடந்துச்சுன்னு கேக்க மாட்டேன். சொல்லணும்னு தோணுனா சொல்லு, இருக்கேன். நான் அடிச்சது தப்பு. இனிப் பின்னாடியிருந்து தொட மாட்டேன். ஆட வேணாம்னாலும் சரிதான்."

விரலால் மண்ணைக் கீறிக்கொண்டே சொன்னாள்.

"ஆடணும் டீச்சர். பின்னாடி வாரது யாருன்னு தெரிஞ்சாப் போதும்."

அதை மட்டும் அழகம்மாளிடம் சொல்லலாமா என்று கேட்டேன். தலையாட்டினாள்.

"அம்புட்டுத்தானா?" என்றாள் அழகம்மாள். "பேரச் சொல்லிக்கிட்டே வாரோம் டீச்சர். இவளுக்கு மட்டும் சொன்னா எதிராளி கண்டுபிடிச்சிருவாளுக. எல்லாருக்குமே சொல்லுவோம்." அதன் பிறகு மரவட்டை என்ற பேச்சே எழவில்லை.

வெள்ளிக்கிழமை முனீஸ்வரியின் பெயரைத்தான் முதலில் எழுதினேன்.

இறுதி ஆட்டம் சோழவந்தான் அணியோடு. "அழகம்மா வாரேன், கோ!" "ஜெயக்கொடி வாரேன், கோ!" மைதானமே சிரித்தது. அந்த அணியின் மாஸ்டர், "இது கோ-கோவா, அட்டெண்டன்ஸா?" என்றார். போய்யா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். முனீஸ்வரி ஒரு தடவைகூடச் சுருளவில்லை. பெயர் காதில் விழுந்ததும் எழுந்து பாய்ந்தாள். நான்கு பேரை அவுட்டாக்கினாள்.

ஆனால் பெயரைக் கேட்ட எதிரணிக்காரிகளும் அரை நொடி முன்னதாகத் திரும்பித் தப்பிவிட்டார்கள். ஒரே ஒரு புள்ளியில் தோற்றோம். எனக்கு ஆத்திரம்தான் வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

"விடுங்க டீச்சர், அடுத்த வருசம் வெரசாச் சொல்லுவோம்" என்றாள் அழகம்மாள்.

முனீஸ்வரி மட்டும் அங்கே இல்லை. தண்ணீர்க் குழாயடியில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். தன்னால்தான் தோற்றோம் என்று நினைத்திருப்பாள். போய்த் தட்டிக்கொடுக்கலாம் என்று பழக்கத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நடந்தவள், நாலடி தள்ளியே நின்றுவிட்டேன்.

"முனீசு, வசுந்தரா டீச்சர் வாரேன்."

முகத்தைத் துடைத்துக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

"வாங்க டீச்சர்" என்று சொல்லி, முதுகில் கிடந்த சடையை எடுத்து, என் கைக்கு இடம் விடுகிறவள் போல முன்னால் போட்டுக்கொண்டாள்.