கழற்றிய மழைமானி

அன்று பிற்பகல் எஹலியகொட டவுன் மாடியறையில் இருந்தவர்கள்: ஷஸ்னா, அறைக்கும் அதிலிருந்த கணினிகளுக்கும் சொந்தக்காரி. நிரோஷன், அவளிடம் வேலை பார்க்கும் புரோகிராமர், இறப்பர்த் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்தவன். ஏழுமலை, அதே தோட்டத்துக் கங்காணி. கதிரை போட்டும் அவர் உட்காரவில்லை.

“காலையில மரமெல்லாம் சொட்டுது. ஒங்க போன் ‘இன்னிக்கு பால் வெட்டு உண்டு’ங்குது. அத்தன சனமும் வாளியத் தூக்கிட்டு மலையேறிருச்சு. ஒங்கம்மாவுந்தான் தம்பி, அந்த முழங்கால வச்சிக்கிட்டு.”

நிரோஷன் தலையைத் தூக்கவில்லை. ஈரப்பட்டையில் வெட்டினால் பால் கோப்பைக்கு வராது, பட்டையெல்லாம் பரவி வீணாகும். வெட்டு உண்டா இல்லையா என்பதை முன்பெல்லாம் காலையில் பேர் கூப்பிடும் பிரட்டுக்களம்வரை நடந்து வந்துதான் தெரிந்துகொள்வார்கள். அந்த நடை அம்மாவுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் காலையில் செய்தி அனுப்பும் செயலியை அவன் எழுதினான்.

“தோட்டத்துத் தொரைகிட்டப் போயி இது வேணாம்னு சொல்லப் போறேன். கூப்பாடு போட எனக்குத் தொண்டை இருக்கு.”

தப்பு நிரோஷனுடையது. செயலி நம்பியிருந்த மழைமானி துருப்பிடித்ததால் அதைத் தோட்டத்தில் கழற்றிவிட்டார்கள். அவனும் செயலியிலிருந்து அதன் பகுதியை நீக்கினான். உடனே செயலி படுத்துக்கொண்டது. செயலியைக் கட்ட அவன் எடுத்தாளும் ஆயத்தச் சட்டகமான ஃபிரேம்வேர்க்கின் குணம் அப்படி: ஒவ்வொரு பகுதியும் தனக்கு வேண்டியதைக் கேட்கும், ஃபிரேம்வேர்க் தேடிக் கையில் கொடுக்கும், கேட்டது கிடைக்காவிட்டால் எதையும் தொடங்காது. லயத்தில் ஒரு ஆள் வேலையை விட்டுப் போனாலும் தோட்டப் பதிவில் பேர் வெட்டுப்படாது, அந்தப் பேரில் இன்னொருவர் போய் நிற்பார். அதே பழக்கத்தில் அவன் மழைமானியின் பேரில் ஒரு பொம்மையை நிறுத்தினான். எதைக் கேட்டாலும் பூச்சியம் என்னும் பொம்மை. ஃபிரேம்வேர்க் வாயை மூடிக்கொண்டது. பூச்சியம் என்றால் மழையில்லை, வெட்டு உண்டு.

“பேருக்கு நிக்கிறவன் வேலையும் செய்யணுமே நிரோஷன்,” என்றாள் ஷஸ்னா.

“செயலி எழும்பணுமே மிஸ்.”

“எழும்பாமக் கெடந்திருந்தா சனம் பிரட்டுக்களத்தோட திரும்பியிருக்கும். உங்கட பொம்மைதான் மலை உச்சி வரைக்கும் கூட்டிப் போயிருக்கு.”

அவன் பொம்மையைத் தூக்கி எறிந்தான். செயலி மறுபடி படுத்தது. இம்முறை யார் மழைமானியைக் கேட்கிறார்கள் என்று நிதானமாகத் தேடினான். இரண்டு பகுதிகள். ஃபெக்டரிக்குக் கணக்குச் சொல்லும் பகுதி மழை தெரியாமலும் பிழைத்துக்கொள்ளும். இருந்தால் வாங்கிக்கொள், இல்லாவிட்டால் இல்லை என்று எழுது என அதற்குச் சொல்லிவைத்தான். செய்தி அனுப்பும் பகுதிக்கு அது ஆகாது. ஆனால் அதற்கு வேண்டியது மழைமானி அல்ல, மரம் ஈரமா என்ற பதில்தான்.

“மாமா, மரம் ஈரமான்னு எப்பிடிப் பாப்பீங்க?”

“தடவித்தான். வேற என்ன, மரத்துக்கிட்டயா கேக்குறது?”

“அப்ப தடவிட்டு போன்ல ‘ஈரம்’, ‘காய்ஞ்சது’ன்னு இந்த ரெண்டுல ஒண்ண அமத்துங்க. இனி மழைமானி நீங்கதான்.”

“நான் தூங்கிட்டா?”

“‘தெரியல, பிரட்டுக்கு வாங்க’ன்னு போகும். பொய் போகாது.”

ஏழுமலை சந்தேகத்தோடு ‘ஈரம்’ என்பதை அமத்தினார். ஷஸ்னாவின் போனும் நிரோஷனின் போனும் ஒன்றாகக் கத்தின: இன்று பால் வெட்டு இல்லை. அவர் இன்னொரு முறை அமத்திப் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

“எம்பொண்டாட்டிகூட இவ்வளவு சட்டுனு எம்பேச்சக் கேட்டதில்ல.”

“அப்ப தொரை?” என்றான் நிரோஷன்.

“அவருக்கு எதுக்கு இதெல்லாம். நாளைக்கும் போன்லயே வரட்டும். ஒங்கம்மாவ படுத்திருக்கச் சொல்லு, நான் தடவிட்டுச் சொல்றேன்.”

நிரோஷனுக்குப் பசித்தது. காலையிலிருந்து அவன் எதுவும் சாப்பிடவில்லை. அது இப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஏழுமலை படியிறங்கியவர் பாதியில் திரும்பி ஏறி வந்தார். “தம்பி, பன்னி எறங்குனா சொல்றதுக்கு ஒண்ணு போடலாமா? அட்டைக்கடிக்கும் ஒண்ணு. அப்புறம், குடிச்சிட்டு வேலைக்கு வர்றவனுக்கு...”

“ஹரி, ஹரி, சரி கங்காணி, தெஹியோவிட்ட பஸ் போகப் போகுது,” என்று ஷஸ்னா அவரைத் தோளில் கைபடாமல் வாசல்வரை தள்ளிக்கொண்டு போய், கதவைச் சாத்திப் பூட்டினாள்.