மூன்றாம் மாடிக் கூடை

"எவா, வெள்ளானூர் கண்ணம்மா உன் லிஸ்ட்தானே?"

"ஆமா சிஸ்டர். மூணாவது மாடி. பிரஷர், சுகர் ரெண்டும்."

"கடைசியா எப்பப் போனே?"

"பதினாலாம் தேதி. மாத்திரை குடுத்து, பிரஷரும் போன்ல ஏத்திட்டேன்."

"எவ்ளோ இருந்தது?"

"நூத்தி முப்பது, எண்பது."

சாவித்திரி சிஸ்டர் மேசைமேல் இருந்த தாளைத் திருப்பி எவாஞ்சலின் பக்கம் தள்ளினார். இறப்புப் பட்டியல். நடுவில் ஒரு பெயரின்கீழ் சிவப்புக் கோடு.

"அந்தம்மா ஒம்பதாம் தேதியே போயிட்டாங்க. அஞ்சு நாள் கழிச்சு அவங்களுக்கு நூத்தி முப்பது, எண்பது. ரொம்ப நல்ல பிரஷர். எனக்கே அவ்ளோ நல்லா இல்ல."

எவாஞ்சலின் சிரிக்கவில்லை. சுகாதார நிலையத்தின் தன்னார்வலர் வேலை அவளுக்கு. அண்ணனூரில் தொடங்கி வெள்ளானூர் வரை நாற்பது வீடு. மாதம் ஒருமுறை வீடு தேடிப் போய் மாத்திரை கொடுக்க வேண்டும், பிரஷர் பார்க்க வேண்டும், எண்ணைப் போனில் ஏற்ற வேண்டும். எண் ஏறாவிட்டால் போனில் அடுத்த வீட்டுக்கான பக்கம் திறக்காது. அப்படி ஒரு ஏற்பாடு.

"யார் கையில குடுத்தே?" சிஸ்டர் விடவில்லை.

"கையில இல்ல சிஸ்டர். கூடையில."

"என்ன கூடை?"

"அங்க லிஃப்ட் கெடையாது. எனக்கு முட்டி ஒத்துக்காது. கீழ நின்னு கண்ணம்மாக்கான்னு கூப்டுவேன். கயித்துல கூடை எறங்கும். அதுல தின்னு முடிச்ச அட்டை இருக்கும். அதை எடுத்துக்கினு புதுசு வெப்பேன். மேல போனதும் அக்கா கூடைய ரெண்டு தடவை ஆட்டும். வந்துச்சுன்னு அர்த்தம்."

"எத்தினி மாசமா?"

"பத்து."

"பத்து மாசமா மேல ஏறவே இல்லியா? அப்போ பிரஷர்?"

"மொத மாசம் கீழ எறங்கி வந்தாங்க, பாத்தேன். அதையே…"

"அதையே போட்டுக்கினு வந்தியா?"

எவாஞ்சலின் தலையைக் குனிந்துகொண்டாள். "சிஸ்டர், பதினாலாம் தேதியும் ஆட்டிச்சு," என்றாள்.

"எது?"

"கூடை. ரெண்டு தடவை. கண்ணம்மாக்கா ஆட்டற மாதிரியே."

சிஸ்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பேய்க்கு எதுக்குடீ சுகர் மாத்திரை? யாரோ உயிரோட இருக்கற ஆளுதான் எடுத்திருக்கு. சுகர் இல்லாத உடம்புல அந்த மாத்திரை போனா என்னாகும்னு உனக்குத் தெரியும். பாத்துட்டு எனக்கு போன் பண்ணு. டாக்டர்கிட்ட நான் என்ன சொல்றதுன்னு அப்பறம் பாத்துக்கலாம். போ. இன்னிக்கு ஏறு."

வெள்ளானூரில் பஸ்ஸை விட்டு இறங்கினபோது மணி மூன்று. மழை விட்டிருந்தது, வானம் விடவில்லை. பிளாட் போட்டு நட்ட கற்கள் பாதி தண்ணீரில் நின்றன. அதைத் தாண்டித்தான் அந்த நாலு மாடிக் கட்டிடம்.

கீழ் வீட்டு வாசலில் ஸ்வாதி என்ற பெண் காதில் மாட்டிய ஹெட்செட்டைக் கழற்றியபடி வந்தாள். ஐ.டி. வேலை, வீட்டிலிருந்தே; வெளியே யார் கூப்பிட்டாலும் காதில் விழாது.

"ஆன்ட்டி, யாரைப் பாக்கணும்?"

"மூணாவது மாடிம்மா. கண்ணம்மாக்கா வீடு."

"ஐயோ, உங்களுக்குத் தெரியாதா? அவங்க இறந்துட்டாங்க. ஆம்புலன்ஸ் வந்துச்சு. ஆஸ்பத்திரியிலேருந்து நேரா ஊருக்கே கொண்டுபோயிட்டாங்களாம். ஃப்ளாட் குரூப்ல போட்டிருந்தாங்க. நானும் கை கூப்பற படம் போட்டேன்."

"மேல இப்ப யாரு இருக்காங்க?"

"யாரும் இல்லியே. அவங்க பையன் பூட்டிட்டுப் போனாரு. நானே பாத்தேன்."

எவாஞ்சலின் நிமிர்ந்து பார்த்தாள். மூன்றாம் மாடி பால்கனியில் சாரலுக்குக் கட்டிய நீலத் தார்ப்பாய். பத்து மாதமாக அவள் பார்த்த முகம் அந்தத் தார்ப்பாய்தான்.

எதற்காகக் கூப்பிட்டாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அந்த இடத்தில் நின்றால் அவள் வாய் கூப்பிடும், அவ்வளவுதான்.

"கண்ணம்மாக்கா!"

"ஆன்ட்டி, அதான் சொன்னேனே, அவங்க…"

தார்ப்பாய் அசைந்தது. கூடை இறங்கியது.

சுவரில் உரசி, ஒரு ஜன்னல் கம்பியில் முட்டி, விலகி, மெதுவாக இறங்கியது. ஸ்வாதி ஒரு அடி பின்னால் போனாள். இன்னொரு அடி.

"ஆன்ட்டி. அது எப்பிடி… ஆன்ட்டி, எனக்கு மீட்டிங் இருக்கு."

"போ கண்ணு. கதவை மட்டும் சாத்தாத."

கூடை எவாஞ்சலின் இடுப்பு உயரத்தில் வந்து நின்றது. உள்ளே காலி அட்டைகள். மூன்று மாத்திரை அட்டை கொடுத்திருந்தாள் பிரஷருக்கு, மூன்று சுகருக்கு. அட்டைக்குப் பத்து. தினம் ஒன்று வீதம் மாதம் முழுக்க வரவேண்டும். கொடுத்து எட்டே நாள். இரண்டிரண்டு காலியாகிக் கிடந்தன.

அதுவரை இருந்தது பேய்ப் பயம். இப்போது வந்தது இத்தனை மாத்திரை தின்ற ஆளை நினைத்து.

படி ஏறினாள். முதல் மாடியில் செருப்பு ஸ்டாண்டு, பூட்டிய கதவு. இரண்டாம் மாடிக்குத் திரும்பும் இடத்தில் முட்டி நின்றுவிட்டது. சுவரில் காற்றுக்கு விட்ட ஓட்டைகள் வழியே வெளியே பார்த்தாள். கூடை மேலே போய்க்கொண்டிருந்தது. அவள் பார்த்ததும் அது நின்றது. அவள் ஒரு படி வைத்தாள். அது ஒரு முழம் ஏறியது. எவாஞ்சலின் வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டே ஏறினாள். பாதியில் வரி மறந்து முதலிலிருந்து தொடங்கினாள்.

மூன்றாம் மாடிக் கதவில் பூட்டு இருந்தது. ஆனால் திறந்து, கொண்டியில் சும்மா தொங்கியது.

"யாரு இருக்கீங்க?"

கதவைத் தள்ளினாள்.

பால்கனிக் கதவருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் கிழவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மழைக்காலத்தில் சட்டை நனைய வியர்த்திருந்தது. கயிற்றை மணிக்கட்டில் சுற்றியிருந்தார். கை நடுங்கியது. இரண்டு இழுப்புக்கு ஒருமுறை மூச்சு வாங்க நின்றார். கூடை நின்று நின்று ஏறினது அதனால்தான்.

"யாரு?"

"நான் எவா. மாத்திரை கொண்டாறவ."

அவர் முகம் மலர்ந்தது. சமையலறைப் பக்கம் திரும்பி, "இந்தா, அந்தப் பொண்ணு மேலயே வந்துட்ச்சு பாரு," என்றார்.

எவாஞ்சலினும் திரும்பிப் பார்த்துவிட்டாள். சமையலறையில் விளக்கு எரிந்தது. மேடைமேல் இரண்டு டம்ளர். இரண்டிலும் டீ. ஒன்றில் ஆடை கட்டியிருந்தது.

"நீங்க… கண்ணம்மாக்காவுக்கு?"

"ஊட்டுக்காரன்."

பத்து மாதத்தில் இந்த வீட்டில் இன்னொரு ஆள் உண்டா என்று அவள் கேட்டதே இல்லை. அவருக்கு நோய் கிடையாது. நோய் இல்லாதவர் லிஸ்டில் வரமாட்டார்.

"புள்ளகூடப் போலியா?"

"போனேன். மூணா நாளே ரயில் ஏறி வந்துட்டேன். அங்க இன்னா கீது எனக்கு? ஊடு இங்க கீது. அவ இங்க கீறா."

"மாத்திரைய நீங்களா சாப்புட்டீங்க?"

"வீணாக்கக்கூடாதும்பா அவ. கவர்மெண்டு ஊடு தேடிக் குடுக்கறதுன்னுவா."

"தினம் எத்தினி?"

"காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. சில நாளு மத்தியானமும்."

"ஐயையோ, ஏன்யா?"

அவர் வெட்கப்பட்டார். "அட்டை சீக்கிரம் காலியானா நீ வருவே இல்ல?"

"வந்து?"

"கூப்புடுவே இல்ல. கீழேந்து, கண்ணம்மாக்கான்னு." நாக்கு குழறியது, ஆனாலும் நிறுத்தவில்லை. "ஆஸ்பத்திரில பாடின்னாங்க. ஊர்ல எடுக்கற வரிக்கும் பொணம்னாங்க. அப்பால காரியம்னாங்க. ஒருத்தன்கூட அவ பேர் சொல்லலம்மா. செத்து அஞ்சாம் நாளு கீழேந்து ஒரு கொரலு, கண்ணம்மாக்கான்னு, அவ இங்கதான் கீறாப்புல. நான் இல்லேன்னு கத்தியிருந்தா அவ இல்லாம பூடுவா. அதான் கூடைய எறக்கினேன். ரெண்டு தபா ஆட்டச் சொல்வா. ஆட்டினேன்."

எவாஞ்சலின் அதற்குள் பையைத் திறந்துவிட்டாள். விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு ரத்தம். மிஷின் காட்டியது: சுகர் வெறும் நாற்பத்தெட்டு. கையில் பட்டை சுற்றி அழுத்தினாள். தொண்ணூறு, ஐம்பது. பத்து மாதத்தில் அந்த வீட்டுக்குள் அவள் உண்மையாகப் பார்த்த முதல் எண்.

"சர்க்கரை எங்க வெச்சிருக்கீங்க?"

"சக்கரையா? அத ஊட்ல வெக்கமாட்டோம்மா. அவளுக்கு ஆவாது."

டப்பாக்களைத் திறந்தாள். டீத்தூள், பருப்பு, உப்பு. வெல்லம்கூட இல்லை. பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. கிழவர் ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தார்.

தார்ப்பாயை விலக்கிக் கத்தினாள். "கீழ் வீட்டுக் கண்ணு! சர்க்கரை கொண்டாம்மா! மேல ஆள் இருக்காரு! உயிரோட இருக்காரு!"

காலடிச் சத்தம் படியில் தடதடவென்று வந்தது. ஸ்வாதி ஒரு கையில் சர்க்கரை டப்பா, இன்னொரு கையில் மாம்பழ ஜூஸ், மூச்சிரைக்க வாசலில் நின்றாள். முதலில் அவர் காலைத்தான் பார்த்தாள்.

"கால் இருக்குதும்மா, வா. தலையைப் புடி."

அவர் இன்னும் விழுங்கினார். அதுவே பெரிது. ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்டினார்கள். கால் மணி கழித்து மிஷின் எழுபத்திரண்டு காட்டியது. பிரஷர் ஏறவில்லை. ஸ்வாதி 108-க்குப் போன் போட்டிருந்தாள். எவாஞ்சலின் சிஸ்டரைக் கூப்பிட்டாள்.

"யாரு இருந்தது?"

"அவங்க வீட்டுக்காரர். சுகர் எறங்கிடுச்சு, இப்ப ஏறுது. ஆம்புலன்ஸ் வருது. சிஸ்டர், பத்து மாசமா நான் மேல ஏறலேன்னு டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. எல்லாம் நானாப் போட்ட நம்பர்னு."

"வேலை போயிடும் எவா."

"அந்தச் சுகர் மாத்திரை வேகம் எறங்க ரெண்டு நாள் ஆகும்பாங்க. ஆஸ்பத்திரியில தப்பா ஊசி கீசி போட்டுரப் போறாங்க. எழுதியே குடுங்க சிஸ்டர். இன்னா சாப்ட்டாரு, எத்தினி சாப்ட்டாருன்னு."

ஆம்புலன்ஸ்காரர்கள் அவரை நாற்காலியோடே தூக்கி இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் மேலே பார்த்தார். கீழே ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினார்கள். வண்டிக் கதவருகே ஒருவர் அட்டையும் பேனாவுமாக நின்றார்.

"பேஷண்ட் பேரு?"

எவாஞ்சலின் ஸ்வாதியைப் பார்த்தாள். ஸ்வாதி எவாஞ்சலினைப் பார்த்தாள்.

"தெரியலீங்க."

"பக்கத்து வீடு, தெரியலியா? அட்ரஸாவது?"

"மூணாவது மாடி. கண்ணம்மா வீட்டுக்காரர்னு எழுதிக்கோங்க."

அவர் அப்படியே எழுதினார். பிறகு நிமிர்ந்து கேட்டார். "அந்தக் கண்ணம்மா கூட வர்றாங்களா?"

ஸ்ட்ரெச்சரிலிருந்துதான் குரல் வந்தது.

"வர்றா. எறங்கிக்கினு கீறா. முட்டி வலி, மெதுவாத்தான் வருவா."

"சீக்கிரம் வரச் சொல்லுங்க," என்றார் ஆம்புலன்ஸ்காரர், படிக்கட்டைப் பார்த்து.

ஸ்வாதி அழுதுவிட்டாள். எவாஞ்சலின் வண்டியில் ஏறினாள். பக்கவாட்டுப் பெஞ்சில் நடுவில் உட்காரப் போனவள், ஒரு கணம் நின்று, இன்னொரு ஆளுக்கு இடம் விட்டு ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.