கரண்ட் போன அரை மணி நேரம்

சட்டைப் பையில் மற்றவர்கள் பேனா வைக்கிற இடத்தில் டெஸ்டர் வைத்திருந்ததால், அவரை எல்லோரும் டெஸ்டர் என்றே கூப்பிட்டார்கள். வீட்டு மின்வேலையில் இருபத்தாறு வருடம். மற்றவர்கள் கைவிட்ட வீடுகளுக்குத்தான் அவருக்கு ஆள் வரும். கோளாறைக் கண்டுபிடிக்காமல் திரும்பினால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. அந்தப் பெருமை கொஞ்சம் அளவுக்கு மேல் போய்விட்டது என்று அவர் மனைவி சொல்வாள்.

சரக்குக் கிடங்கு சூப்பர்வைசரின் வீட்டுக்கு அவர் முதலில் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாரத்தில் மூன்று நான்கு நாள், பகல் பதினொரு மணிவாக்கில், அந்த வீட்டில் மொத்தமாகக் கரண்ட் போய்விடுகிறது. மின்கசிவு இருந்தால் தானாக விழும் ட்ரிப் சுவிட்ச் விழுந்து கிடக்கிறது. தூக்கி வைத்தால் நிற்பதில்லை. அரை மணி நேரம் கழித்து வைத்தால் ஒன்றுமே நடக்காதது போல நிற்கிறது.

“ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாத்தையும் கழட்டிப் போட்டும் பாத்தாச்சு. அப்பவும் விழுது. லைட்டுலதான் எங்கயோ கோளாறு,” என்றார் சூப்பர்வைசர்.

“நீங்க வீட்டுல இருக்கும்போது விழுந்திருக்கா சார்?”

“ஒரு தடவகூட இல்ல. நான் வேலைக்குப் போனப்புறம்தான். இவளக் கேட்டா ஒண்ணும் தெரியாதுங்கறா. படிச்சவதான், ஆனா இதுல சுத்தம்.”

சமையலறை வாசலில் நின்றிருந்த சூப்பர்வைசரின் மனைவி லேசாகச் சிரித்தாள். முப்பது வயது இருக்கும். கைகளை ஈரத் துண்டில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

டெஸ்டர் எல்லா சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். கூடத்து விளக்கு, படுக்கையறை, குளியலறை, மாடிப்படி, பின்னால் துணி துவைக்கும் இடம். எதைப் போட்டாலும் சுவிட்ச் விழவில்லை. இரண்டு பழைய ஹோல்டர்களை மாற்றிவிட்டு வந்தார். செவ்வாய்க்கிழமை மறுபடி கரண்ட் போனது. ட்ரிப் சுவிட்சே பழுது என்று சூப்பர்வைசர் அடம்பிடிக்க, புதிதாக ஒன்றை மாட்டினார். அதுவும் இரண்டாம் நாள் விழுந்தது.

“டெஸ்டருக்கே தண்ணி காட்டுதாமே ஒரு வீடு,” என்று மின்சாமான் கடைக்காரர் கேட்டார். அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. விழும் நேரத்திலேயே போய் நின்று பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். சூப்பர்வைசரிடம் போனில் சொன்னதும் அவரும் வரச் சொன்னார்.

அடுத்த வாரம் வியாழக்கிழமை காலை பத்தரைக்கு அவர் போனபோது அந்தப் பெண் மட்டும் இருந்தாள். கதவைப் பாதி திறந்து அவரைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. “இன்னைக்கு வர்றேன்னு சொல்லவே இல்லையே அண்ணே,” என்றாள்.

பதில் வேறு இடத்திலிருந்து வந்தது. “நான்தான் வரச் சொன்னேன். கதவ முழுசாத் தொற.”

கூடத்து அலமாரியின் மேல் உள்ளங்கை அளவு வெள்ளைக் கேமரா. அதற்குள்ளிருந்துதான் சூப்பர்வைசரின் குரல். முன்பு வந்தபோதும் டெஸ்டர் அதைப் பார்த்திருந்தார். திருட்டுப் பயத்துக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்திருந்தார். இப்போது கவனித்தால் சமையலறையில் ஒன்று, வாசலைப் பார்த்து ஒன்று. கூடத்துக் கேமராவுக்கு நேரே மெயின் போர்டு.

“டெஸ்டர், மொதல்ல மாடிப்படி லைட்டப் பாருங்க,” என்றது கேமரா. அவர் மாடிப்படிக்குப் போனார். “அத விட்டுட்டு இப்ப போர்டத் தொறங்க,” என்றது. இருபத்தாறு வருடத்தில் ஒரு பெட்டி அவரை இப்படி வேலை வாங்கியதில்லை. “சார், நான் பாத்துக்கறேன்,” என்று சொல்லிவிட்டுக் கேமரா எட்டாத பின்புறத்துக்கு நகர்ந்தார்.

துணி துவைக்கும் இடம் ஒடுக்கமாக, பகலிலும் இருட்டாக இருந்தது. தலைக்கு மேல் கையெட்டும் உயரத்தில் ஒரு இரும்பு விளக்கு. மூடியின் இரண்டு திருகாணிகளும் பளபளவென்றிருந்தன. மற்ற விளக்குகளில் அதே திருகாணிகள் துருப்பிடித்துக் கிடந்தன. கழற்றினார். உள்ளே தண்ணீர். மழை பெய்து ஒன்றரை மாதம் ஆகிறது. விரலில் தொட்டுப் பார்த்தார். வழவழப்பாக, சோப்பு வாசனையோடு இருந்தது.

திரும்பினார். அவள் கதவருகே நின்றிருந்தாள். வேகமாக வந்து குழாயை முழுதாகத் திறந்துவிட்டாள். வாளியில் தண்ணீர் சோவென்று விழுந்தது.

“சத்தத்துக்கு,” என்றாள். “உள்ள இருக்கற கேமரா காதுல வாங்கிக்கும்.”

அவளே சொன்னாள்.

“மொதல் தடவ தானாத்தான் போச்சு அண்ணே. கழுவும்போது தெறிச்சிருக்கும். சுவிட்சப் போட்டேன், வீடே அணைஞ்சுது. கேமராவும் அணைஞ்சுது. அதுல பச்சையா ஒரு புள்ளி எரியும், அது இல்ல. அப்புறம் நானே ஊத்த ஆரம்பிச்சேன். ஒரு கரண்டித் தண்ணி ஊத்திட்டு இந்த லைட்டப் போட்டாப் போதும். அரை மணி கழிச்சு லைட்ட அணைச்சுட்டுத் தூக்கி வச்சா நிக்கும்.”

“போர்டுல மெயின அணைச்சாலே போகுமே, எதுக்கும்மா இது?”

“போர்டு பக்கம் போனா தெரிஞ்சுடும். பத்து நிமிஷம் கண்ணுல படலன்னாலே எங்க போனன்னு குரல் வரும். உக்காந்தா ஏன் உக்காந்தங்கும். அக்காகிட்ட பேசினா யார் போன்ல, ஸ்பீக்கர்ல போடுங்கும்.”

“கரண்ட் போனா என்ன பண்ணுவ?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். யாரும் அவளிடம் கேட்காத கேள்வி அது.

“கூடத்துல படுத்துக்குவேன். தரையில, கால நீட்டி. அவ்வளவுதான்.”

வாளி நிரம்பி வழிந்தது. அவர் கீழே பார்த்தார். அவள் நின்றிருந்த தரை முழுக்க ஈரம், காலில் செருப்பில்லை.

“அம்மா, ஈரத்துல நின்னுக்கிட்டு கரண்டுல தண்ணி ஊத்தியிருக்க. அந்த ட்ரிப் சுவிட்ச் ஒரே ஒரு நாள் விழாம இருந்திருந்தா நீ இல்ல.”

“தெரியும் அண்ணே. நெட்ல படிச்சேன்.”

கழற்றிய மூடியில் மிச்சமிருந்த தண்ணீரை அவர் கீழே கொட்டினார்.

“வேற எங்கயாவது ஒரு ஒயர லூசா விட்டுட்டுப் போங்களேன்,” என்றாள் தணிந்த குரலில். “அப்பப்ப போற மாதிரி.”

“லூசா விட்டா தீப்பிடிக்கும்மா. அது என்னால முடியாது.”

அவள் தலையாட்டினாள். குழாயை மூடினாள். உடனே உள்ளேயிருந்து குரல் கேட்டது: “என்ன அங்க இவ்வளவு நேரம்?”

டெஸ்டர் பழைய விளக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, தண்ணீர் புகாத புது விளக்கு ஒன்றை, ஏணி வைத்தால்தான் எட்டும் உயரத்தில் மாட்டினார். தன் வேலையை அவர் எப்போதும்போல ஒழுங்காகச் செய்தார். பிறகு கூடத்துக்கு வந்து கேமராவைப் பார்த்துப் பேசினார்.

“பின்னாடி லைட்டுல மூடி சரியில்ல சார். துவைக்கற தண்ணி எறங்கியிருக்கு. மாத்திட்டேன்.”

“இனிமே விழாதுல்ல?”

அவள் சமையலறையில் முதுகைக் காட்டி நின்றிருந்தாள்.

“விழாது சார்.”

அன்று அவருக்குக் கோளாறு கிடைத்திருந்தது. ஆனாலும் சாப்பாடு இறங்கவில்லை. மனைவி துருவித் துருவிக் கேட்டதும் எல்லாவற்றையும் சொன்னார். அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்.

“அந்தப் பொண்ணு கால நீட்டிப் படுக்க அரை மணி நேரம் கேட்டிருக்கு. நீங்க லைட்ட மாத்திக் குடுத்துட்டு வந்திருக்கீங்க.”

“ஷாக் அடிச்சு சாகட்டும்னு விட்டுட்டு வரவா?”

“நான் அப்படிச் சொல்லல.”

“வேற என்னதான் பண்ணியிருக்கணும்ங்கற?”

“எனக்கும் தெரியல,” என்றாள் அவள்.

பத்து நாள் கழித்து சூப்பர்வைசரே போன் செய்தார். தெருவில் கரண்ட் போனாலும் கேமராக்கள் அணையக் கூடாது. அதற்குத் தனியாக ஒரு பேட்டரி வைக்க வேண்டும். மாட்டேன் என்ற வார்த்தை டெஸ்டரின் வாய்வரை வந்தது. ஏன் என்று கேட்டால் எதைச் சொல்வது? நான் செய்யாவிட்டால் இன்னொருவன் செய்யப்போகிறான் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போனார்.

அந்தப் பெண் ஒரு முறைதான் வெளியே வந்தாள். பேட்டரியையும் சுவரில் ஒட்டி ஓடிய புது ஒயரையும் பார்த்தாள். “சுத்தமா முடிச்சிட்டீங்க அண்ணே,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஏணியில் நின்றிருந்தவருக்குக் கன்னத்தில் அறை வாங்கியதுபோல இருந்தது.

அந்தச் சூட்டில்தான், கிளம்பும்போது அவர் வாயைக் கொடுத்தார். “சார், தப்பா நெனைக்காதீங்க. வீட்டுக்குள்ள இத்தன கேமரா எதுக்கு? புழங்கற எடம். அவங்களுக்கும் கொஞ்சம் சங்கடமா இருக்கும்ல?”

சூப்பர்வைசர் கோபப்படவில்லை. “தனியா இருக்கா. அவ பாதுகாப்புக்குத்தான்,” என்றார். பிறகு நிதானமாக அவர் முகத்தைப் பார்த்தார். “ஏன், ஏதாவது சொன்னாளா?”

“இல்ல சார். நானாத்தான் கேட்டேன்.”

“அன்னைக்குப் பின்னாடி ரொம்ப நேரம் இருந்தீங்க.”

“வேலை இருந்துச்சு சார்.”

“ம்,” என்றார் சூப்பர்வைசர்.

டெஸ்டர் வண்டியைக் கிளப்பினார். அவளுக்கு உதவியாக ஒரு வார்த்தை சொன்னதாக நினைத்தது நூறு அடி போவதற்குள் மாறிவிட்டது. ஒரு சந்தேகத்தை அல்லவா விதைத்துவிட்டு வந்திருக்கிறோம்? திரும்பிப் போய் என்னத்தைச் சொல்லி அதைப் பிடுங்குவது?

புதன்கிழமை போன் வந்தது.

“அந்தத் துணி துவைக்கற எடத்துலயும் ஒரு கேமரா போட்டுடலாம். எப்ப வர்றீங்க?”

“என்னால முடியாது சார்.”

“ஏன், வேலை அதிகமா? அடுத்த வாரம் வாங்க.”

“அடுத்த வாரமும் முடியாது. அந்த எடத்துக்கு நான் கேமரா போட மாட்டேன். பொம்பள புழங்கற எடம் சார். நீங்களும் போடாதீங்க.”

“எலக்ட்ரீஷியன் எலக்ட்ரீஷியன் வேலையப் பாத்தாப் போதும்,” என்று சொல்லிவிட்டு சூப்பர்வைசர் வைத்துவிட்டார்.

மனைவியிடம் சொன்னபோது, “இதையாவது சொன்னீங்களே,” என்றாள். அவளுக்கே அது போதவில்லை என்பது குரலில் தெரிந்தது. அவளே ஒரு நாள் அந்த வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். அந்தப் பெண் கதவைத் திறக்கவில்லை. “யாரு, என்ன வேணும்?” என்று வாசல் கேமராதான் ஆண் குரலில் கேட்டது. வீடு மாறி வந்துவிட்டேன் என்று சொல்லித் திரும்பி வந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை டெஸ்டர் வேறொரு வீட்டுக்குப் போகும் வழியில் அந்தத் தெருவைக் கடக்க வேண்டியிருந்தது. வீட்டின் பக்கச் சுவரை ஒட்டி ஏணி. ஏணியில், இரண்டு தெரு தள்ளிக் கடை வைத்திருக்கும் இளம் எலக்ட்ரீஷியன். பின்பக்கத்துக்குக் கேமரா ஒயர் இழுத்துக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் கையை உயர்த்தினான்.

“அண்ணே, இந்த வீட்டு பேட்டரி ஒயரிங் எல்லாம் நீங்க பண்ணதாமே? ஒரு குறை சொல்ல முடியல. எனக்கு வேலையே இல்லாமப் பண்ணிட்டீங்க.”

பின்புறத்தில் குழாய் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சுவருக்கு மேலே அவளுடைய தலை மட்டும் தெரிந்தது. ஏணியின் பக்கமோ தெருவின் பக்கமோ திரும்பாமல் துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

“ஆமா, நான்தான்,” என்றார் டெஸ்டர். வண்டியை நிறுத்தாமல் போய்விட்டார்.