இடது கண்ணுக்கு வைத்த குறி

அவள் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். டிவியின் மேல் சென்சாரை ஒட்டிய அவள் கணவர் விளையாட்டுத் துப்பாக்கியைக் கையில் எடுத்தார். திரையின் நான்கு மூலைகளிலும் வரும் புள்ளிகளைச் சுட்டால், சுடுகிறவர் பார்வைக்கு ஏற்றபடி அது குறியை வைத்துக்கொள்ளும். மூவரும் ஆடும் ஆட்டத்தில் ஜெயிப்பவர் தவிர மற்ற இருவரும் ஒரு வாரம் பாத்திரம் கழுவுவதாகப் பேச்சு.

"மாமா, உங்க கண்ணுக்குத் தோதா வச்சுட்டு என்னைக் கவுக்கப் பாக்குறீங்களா?" என்றான் அவள் தம்பி.

"நீ வச்சா மட்டும் யோக்கியமாடா மாப்ள?"

"அப்ப அக்கா வைக்கட்டும். அதுக்குத்தான் இதுல ஒண்ணும் தெரியாது."

பத்து வருடமாகப் பாத்திரம் கழுவும் அக்கா தையல் மெஷினை விட்டு எழுந்து வந்தாள். ஊசியில் நூல் கோக்கிற மாதிரி வலது கண்ணை மூடி, இடது கையால் நான்கு புள்ளிகளையும் சுட்டாள்.

ஆண்கள் இருவரும் வலது கண்ணால் பார்த்தே சுட்டார்கள். எல்லாம் ஒரு விரற்கடை தள்ளியே விழுந்தது. அவள் சுட்டதில் ஒன்றுகூடத் தப்பவில்லை.

"துப்பாக்கியே சரியில்ல" என்றார் கணவர்.

"ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டுத்தானே என்னை வைக்கச் சொன்னீங்க?" என்றாள். "அடிப்பிடிச்ச சட்டி ஊறிக்கிட்டு இருக்கு. முதல்ல அதைத் தேயுங்க."