மீட்டர் கேட்ட சாட்சிகள்

மருந்துக்கடைக்காரரின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தெருவில் ஓடிவந்தாள் பாப்பா. நாற்பது வயதாகியும் வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர். ஒரு காலில் அவளுடைய செருப்பு. மறுகாலில் கிடந்தது யாருடையது என்று இன்றுவரை தெரியவில்லை.

"விடும்மா, வர்றேன்ல. என் கடைக் குழாயையே புடுங்கிட்டுப் போன மனுஷன். அவர் சாகறதுக்கு நான் எதுக்கு?"

"சாகறதுக்கு இல்ல சார், கையெழுத்துக்கு. வெளியாளுங்க ரெண்டு பேர் வேணுமாம்."

அந்தத் தெருவில் அதுதான் கஷ்டம். அவள் அப்பா காலமெல்லாம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்த்தவர். 'மீட்டர்' என்றே ஊர் கூப்பிட்டது. ஒரு வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால், அந்தக் கண்ணீர் எந்தக் குழாயிலிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் ஆறுதல் சொல்வார். பாதித் தெரு அவரோடு பேசாது. மீதித் தெருவிடம் அவர் பேசமாட்டார். எப்படியோ சலவைக்கடைக்காரரைப் பிடித்து உட்காரவைத்துவிட்டு, இரண்டாவது ஆளுக்காக ஓடியிருந்தாள்.

இத்தனைக்கும் உயில் ஏற்கெனவே இருந்தது. முன்னறையில் தையல் மிஷினைப் போட்டுப் பிழைத்துக்கொண்டு, தன்னையும் பார்த்துக்கொள்கிற பாப்பாவுக்கே வீடு என்று மீட்டர் எழுதிவைத்திருந்தார். மகனுக்கு முன்பே சைக்கிள் கடை வைத்துக் கொடுத்தாகிவிட்டது. ஆனால் அந்த வீட்டில் ஒரு வழக்கம். டிவியை எந்த அறையில் வைப்பது என்பதிலிருந்து பூனையை வைத்துக்கொள்வதா துரத்துவதா என்பதுவரை, முடிவு எதுவானாலும் எல்லாரும் கையெழுத்துப் போடவேண்டும். பூனைக்கு மட்டும் விலக்கு. உயிலிலும் அப்படியே, சாட்சி என்ற இடத்தில் மகனையும் மகளையும் போடச் சொன்னார்.

இன்று காலை, கோட்டின் கை நீளத்தைக் குறைக்கக் கொடுத்திருந்த வக்கீல் அதை வாங்க வந்தார். வந்த இடத்தில் உயிலைப் படித்தார். கோட்டை மறந்தார்.

"வீடு உனக்குன்னு எழுதியிருக்கு, அதுல நீயே சாட்சியும் போட்டிருக்கியேம்மா. சாட்சி போட்டவருக்கு உயில்ல எதுவும் நிக்காது."

"அப்போ?"

"அப்போ பாதி உனக்கு, பாதி உங்கண்ணனுக்கு."

அண்ணனின் சைக்கிள் கடை நஷ்டத்தில் மூடிக் கிடந்தது. பாதி வீடு கிடைத்தால் அவன் என்ன செய்வான் என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. ஜன்னலோரம் நின்று சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டேயிருந்தான்.

மருந்துக்கடைக்காரரைப் பார்த்ததும் மீட்டர் கண் திறந்தார். "குழாயில ஒழுகல் நின்னுச்சா?"

"நின்னுச்சு. நீங்க கையெழுத்தைப் போடுங்க."

வக்கீல் புதிய உயிலை உரக்கப் படித்தார். மீட்டர் தலையாட்டினார். கையில் பேனாவை வைத்தார்கள்.

"பசங்க போட்டாச்சா?"

"அவங்க போடக்கூடாது ஐயா."

"அவங்க போடாம நான் போடமாட்டேன்."

"அப்பா, நான் போட்டா எனக்கு வீடு கெடையாதுப்பா."

"யாரு சொன்னா?"

"சட்டம் சொல்லுது."

"சட்டம் இந்த வீட்ல குடியிருக்கா?" மூச்சு வாங்கியது. "நாளைக்கு உங்களுக்குள்ள ஒண்ணுன்னா, ஒருத்தருக்கொருத்தர் சாட்சி யாரு?"

சாவிச் சத்தம் நின்றது.

வக்கீல் ஒரு வெற்றுத்தாளை எடுத்து நீட்டிக் கண்ஜாடை காட்டினார். அண்ணன் அதில் போட்டான். கீழே பாப்பா போட்டாள். மீட்டர் தாளை வாங்கி, தண்ணீர் மீட்டரைப் பார்ப்பதுபோல மூக்கருகே வைத்து இரண்டு கையெழுத்தையும் படித்தார். திருப்தி. அடுத்து உயிலை நகர்த்துவதற்குள் அந்த வெற்றுத்தாளிலேயே, இருவருக்கும் கீழே, கிறுக்கலாக இல்லாமல் முழுப்பெயரையும் எழுதி அடியில் ஒரு கோடும் இழுத்துவிட்டார்.

"ஐயா, அதுல இல்ல, இதுல, இதுல!"

"போட்டாச்சு," என்றார் மீட்டர்.

பேனாவை மறுபடியும் விரல்களுக்குள் வைத்துப் பார்த்தார்கள். விரல்கள் பிடிக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் நாடியைப் பிடித்தார், கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டேயிருந்தார், பிறகு கையைப் போர்வைக்குள் வைத்தார். எத்தனையோ வருஷப் பகை என்பதால், கண்ணைத் துடைக்க அவர் கைக்குட்டை கொண்டுவந்திருக்கவில்லை.

பாப்பா வெற்றுத்தாளை நீட்டினாள். "இது செல்லாதா சார்?"

"மேல ஒண்ணும் எழுதலையேம்மா."

அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"முன்னறையிலதான் கெடத்தணும். ஜனம் வரும்," என்றார் சலவைக்கடைக்காரர். "மிஷினை எடுத்து வெளிய வச்சிரலாமா?"

அண்ணன் முன்னறைக்குப் போனான். மிஷினின் ஒரு பக்கத்தைத் தூக்கப்போனவன், விட்டுவிட்டான். மேசை மேலிருந்த துணிச்சாக்பீஸை எடுத்துக்கொண்டு தரையில் மண்டியிட்டான். மிஷினின் நான்கு கால்களையும் ஒவ்வொன்றாகச் சுற்றித் தரையில் கோடு போட்டான்.

பாப்பா நிலைப்படியில் நின்றிருந்தாள்.

ஒரு காலுக்குக் கோடு கோணலாக விழுந்திருந்தது. அதை மட்டும் விரலால் அழித்துவிட்டு மறுபடி போட்டான்.

"இப்பத் தூக்குங்க," என்றான்.