யாரோ ஒரு சகோதரியின் குதிகால்

கண்ணாடிக் கடைக்காரியின் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் மிக்சி ஓடக் கூடாது, குழாய் சொட்டக் கூடாது, அவள் தும்மக்கூடக் கூடாது. ஏழு மணிக்கு அவளுடைய வீட்டுக்காரர் ஊர் உலகத்துக்கு நல்லது நினைக்க உட்கார்ந்துவிடுவார்.

வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மாடிக் கட்டடங்களில் ஏறி இறங்குவதே பிழைப்பு என்பதால் தெருவில் அவருக்கு மேலேகீழே என்று பெயர். அப்படிக் கூப்பிட்டாலும் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பார், அவ்வளவு சாது. கொஞ்ச காலமாக அவர் ஒரு கூட்டுத் தியானக் குழுவில் இருந்தார். கூட்டு என்று பெயர்தானே தவிர யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. அவரவர் வீட்டில், அவரவர் நாற்காலியில். பாங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாள் போனில் மணியோசை ஒன்றை அனுப்புவார். எல்லோரும் கண்ணை மூடுவார்கள். இன்னொரு மணி வந்ததும் திறப்பார்கள். இதனால் அந்த அம்மாளுக்கு மணியக்கா என்ற பெயர் நிலைத்துவிட்டது.

மணிக்கு முன்னால் 'இந்த வார எண்ணம்' என்று ஒன்று வரும். பரீட்சை எழுதும் பிள்ளைக்குத் தைரியம் வேண்டும், வேலை போனவருக்கு வேலை கிடைக்க வேண்டும் என்கிற மாதிரி. யார் வேண்டுமானாலும் மணியக்காவுக்குத் தனியாக எழுதிக் கேட்கலாம். பெயரை மட்டும் வெளியே விடமாட்டார். பெயர் தெரிந்தால் ஆளைப் பார்த்து எண்ணம் கூடும் குறையும் என்பது அவர் கட்சி. பாங்கில் எத்தனை பேரைப் பார்த்திருப்பார், அவருக்குத் தெரியாததா.

மேலேகீழே அந்த எண்ணத்தில் மனசார இறங்கிவிடுவார். முன்பின் தெரியாத ஒரு பெரியவரின் சிறுநீரகக் கல்லுக்காக அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்ததை மனைவி சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். அன்றைக்குத்தான் அவளுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது.

எரியாதா பின்னே? கண்ணாடிக் கடையில் காலையிலிருந்து இருட்டும்வரை நின்றுகொண்டே ஊரார் மூக்கில் ஃப்ரேம் மாட்டிப் பார்ப்பவள் அவள். குதிகால் வலி உயிரை எடுத்தது. வீட்டுக்கு வந்து "கால் போச்சுங்க" என்று சொன்னால் அவர் "ம்" என்பார். கெட்ட எண்ணத்தில் சொல்லும் 'ம்' இல்லை. மின்விசிறிச் சத்தம் மாதிரி அவள் வலியும் வீட்டுச் சத்தங்களில் ஒன்றாகிவிட்டது, அவ்வளவுதான். கல்லுக்குக் கண்ணீர், காலுக்கு 'ம்'.

ஒரு நாள் அவர் குளித்துக்கொண்டிருந்தபோது அவர் போனிலிருந்து மணியக்காவின் எண்ணை எடுத்தாள். தன் போனில் எழுதினாள்: 'நாள் முழுக்க நின்று வேலை பார்க்கிறேன். குதிகால் வலி தாங்க முடியவில்லை. வலிக்கிறதா என்று கேட்க வீட்டில் ஆளில்லை.' அனுப்பிவிட்டு அரிசியைக் களைந்தாள்.

கணக்கு சுலபமானது. மனுஷர் படிப்பார், குதிகால் என்றதும் பொறி தட்டும், சமையலறைக்கு வருவார், கேட்பார். அவர் வந்து கேட்க வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அந்த ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை அவர் சமையலறைக்கு வரத்தான் வந்தார்.

"ஏம்மா, உனக்கும் குதிகால் வலிக்குதுன்னு சொல்லுவல்ல?"

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. "ஆமா."

"எப்படி வலிக்கும்? கொஞ்சம் விவரமா சொல்லு."

அவள் சொன்னாள். காலையில் எழுந்து வைக்கும் முதல் அடி ஆணி மேல் வைப்பது போல இருக்கும். பிறகு கொஞ்சம் தணியும். மத்தியானத்துக்கு மேல் கடைத் தரை சுட ஆரம்பித்த மாதிரி குதிகாலிலிருந்து கெண்டைக்கால்வரை இழுக்கும். வாடிக்கையாளர் கீழ்த்தட்டிலிருந்து ஃப்ரேம் எடுக்கச் சொன்னால் இவள் ஒற்றைக் காலில் நின்றுகொண்டே குனிவாள். அவர் வாயைத் திறந்துகொண்டு கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவள் பேச்சை அவர் இப்படிக் கேட்டதில்லை.

"அடப் பாவமே. இவ்வளவு வலிக்குமா?"

"வலிக்கும்ங்க."

"நல்லவேளை உன்கிட்ட கேட்டேன். யாரோ ஒரு சகோதரிக்கு இந்த வலியாம். எப்படி இருக்கும்னு தெரியாம எப்படி நினைக்கிறது? கேக்கக்கூட வீட்டுல ஆளில்லையாம் அந்தம்மாவுக்கு. என்ன மனுஷங்களோ." அவர் நாற்காலிக்குப் போனார். "அந்தக் குக்கரைக் கொஞ்சம் நிறுத்து."

குக்கர் நின்றது. அவள் விட்ட மூச்சில் விசில் மட்டும்தான் பாக்கி. அன்றைக்கு அவருக்கு இரண்டு கண்ணிலும் தண்ணீர் வந்தது.

எதிர்வீட்டில் பார்லர் வைத்திருக்கும் பெண்ணிடம் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவளிடம் சொன்னால் தெருவுக்கே தெரிந்துவிடும் என்பது தெரிந்தும் சொன்னாள். பார்லர்காரி சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"அக்கா, தனக்குத் தானே சக்களத்தி ஆனவங்கள நான் இப்பத்தான் பாக்குறேன்."

"சிரிக்காதடி. சாப்பிடறப்ப அவ பேச்சு, படுக்கறப்ப அவ பேச்சு. அந்தம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கோ, அந்தம்மா எங்க வேலை பாக்குதோ. எனக்குப் பத்திக்கிட்டு வருது."

"நான்தான் அவன்னு சொல்லிடுங்களேன்."

"சொன்னா?"

"சொன்னா உங்களை விழுந்து விழுந்து கவனிப்பாரு."

"கவனிக்க மாட்டாரு. 'ஓ, நீயா'ன்னுவாரு." அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "யாரோ ஒருத்தின்னாதான் அவருக்கு மனசு இளகும். நான்னு தெரிஞ்சா அவளும் போயிடுவா. அப்புறம் மறுபடி 'ம்'தான்."

பார்லர்காரி சீப்பில் இருந்த முடியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரமும் அதே எண்ணம் வேண்டும் என்று குழுவில் கேட்டவர் மேலேகீழேதான். அதோடு விட்டாரா? எலும்பு நோய்ச் சாமான்கள் விற்கும் கடை இருந்த ஒரு கட்டடத்தில் லிஃப்டைச் சரி செய்யப் போனவர், ஷூவுக்குள் வைக்கிற ஜெல் மெத்தை ஒரு ஜோடி வாங்கி வந்தார். குதிகால் அளவுக்குக் குழிவாக, தொட்டால் நெகிழ்கிற மாதிரி. வயர்களில் எழுதும் நீல மார்க்கரால் இடதில் 'இ', வலதில் 'வ' என்று எழுதினார். எழுதாத பொருள் எதையும் அவர் கை சும்மா விடாது.

"எனக்கா?" என்றாள். கேட்டிருக்கக் கூடாது.

"அந்தச் சகோதரிக்கு. மணியக்காகிட்ட குடுத்தா சேத்துடுவாங்க. உன் ஷூவைக் கொண்டா, பொம்பளைங்க அளவு சரியா இருக்கான்னு பாக்கணும்."

ஷூவுக்குள் வைத்துப் போட்டுக்கொண்டு கூடத்தில் நடந்தாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. குதிகால் இருப்பதே தெரியவில்லை. இன்னொரு முறை நடந்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"அப்ப அந்தம்மாவுக்கும் நல்லாத்தான் இருக்கும்." குனிந்து அவள் ஷூவிலிருந்து இரண்டையும் உருவினார். தூசியைத் துடைத்தார். ஒரு பையில் போட்டு மடித்து ஒட்டினார், கல்யாணப் பரிசு கட்டுகிற அக்கறையோடு. அந்த மெத்தை போகப் போகிற கால்களை அவள் சபித்தாள். அது தன் கால்தான் என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. வந்தபிறகும் சாபத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

மணியக்காவிடமிருந்து செய்தி வந்தது: சகோதரிக்கு ஒரு பொருள் வந்திருக்கிறது. வேலை முடிந்து போய் வாங்கிக்கொண்டாள். மணியக்கா கதவைப் பாதி திறந்தபடி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்ல மனுஷன் ஒருத்தர் குடுத்தாரும்மா. யாருன்னு நீ கேக்காத, நானும் சொல்ல மாட்டேன். யாருன்னே தெரியாத உனக்கே இப்படின்னா, அவர் பொண்டாட்டி எவ்வளவு குடுத்து வெச்சவளா இருக்கணும்."

"ஆமாக்கா," என்றாள் கண்ணாடிக் கடைக்காரி. "ரொம்ப."

மறுநாளிலிருந்து போட்டுக்கொண்டு கடைக்குப் போனாள். வலி பாதியாகக் குறைந்தது, எரிச்சல் இரண்டு பங்காக ஏறியது. ஒவ்வொரு அடிக்கும், இது அவளுக்கு வாங்கினது, இது அவளுக்கு வாங்கினது என்றிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மணியக்காவுக்கு ஒரு நன்றி எழுதிப் போட்டாள். சாயங்காலம் அது குழுவில் வந்தது. வாசலில் உட்கார்ந்து தன் ஷூவுக்குப் பாலிஷ் போடச் சாமான்களை எடுத்து வைத்த மேலேகீழே, போனைப் பார்த்துச் சத்தமாகப் படித்தார்.

"'வலி குறைந்திருக்கிறது. அனுப்பியவருக்கு நன்றி. கேட்க ஆளில்லை என்பது மட்டும் அப்படியே இருக்கிறது.' கேட்டியாம்மா? இத்தனை பேர் நினைச்சும் அந்த வீட்டுல இருக்கறவனுக்கு உறைக்கலை பாரு. கல்லு."

"கல்லுதான்," என்றது சமையலறை.

இடம் பண்ணுவதற்காக அவள் ஷூவைத் தள்ளி வைக்க எடுத்தார். உள்ளே பார்த்தார். நீல மார்க்கரில் 'வ'. மற்றதை எடுத்தார். 'இ'.

பாலிஷ் டப்பாவை மூடினார். போனில் மணி அடித்தது. ஊரெல்லாம் அவரவர் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருப்பார்கள். மேலேகீழே ஒற்றை ஷூவைக் கையில் பிடித்தபடி சமையலறை வாசலில் வந்து நின்றார். நடுமாடியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர் மாதிரி இருந்தது முகம்.

"வலிக்குதா?" என்றார்.

அத்தனை நாள் காத்திருந்த கேள்வி. அவள் அடுப்பை அணைத்தாள். திரும்பினாள்.

"யாருக்காகக் கேக்குறீங்க?"

அவர் ஷூவைக் கீழே வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து, பாலிஷ் பட்ட விரல்களைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அவள் வலது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றாள். அதில் அவளுக்குப் பழக்கம் உண்டு. கட்டைவிரலால் குதிகாலின் நடுவில் அழுத்தினார். சரியான இடம். அன்றைக்கு அவள் சொன்ன அதே இடம்.

குனிந்து அவர் கண்ணைப் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. அந்தச் சகோதரிக்கு மட்டும் இரண்டு கண்ணிலும் வந்ததே.

"அந்தக் காலையும் பாருங்க," என்றாள். இரண்டாவது மணி அடித்தது. காலை அவள் எடுக்கவில்லை.