ஓடிலோன் வைத்த வாத்துப் பாட்டு

லுத்கார்ட் சர்க்கரை ஜாடிக்குள்ளும் கையை விட்டுத் துழாவினாள். மணிக்கோபுரச் சாவி அங்கும் இல்லை. வாசலில் சவ வண்டி வந்து நின்றாகிவிட்டது.

அப்பா ஓடிலோன் அந்தக் கோபுரத்தின் வாத்தியக்காரர். கட்டைகளை அவர் முஷ்டியால் குத்த, மேலே மணிகள் பாடும். அவர் ஏறாத நேரத்தில், முள் பதித்த பெரிய உருளையொன்று அரைமணிக்கொரு தரம் தானே சுழன்று ஒரு பாட்டை வாசிக்கும். எந்தப் பாட்டுக்கு முள் பதிப்பது என்பது அவர் இஷ்டம். போன ஈஸ்டருக்கு, போயும் போயும், குடிகாரன் வாத்தோடு ஆடும் திருவிழாப் பாட்டைப் பதித்துவிட்டார். அன்றிலிருந்து பாதிரியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். பன்னிரண்டு மணிக்கு அப்பாவின் சவப்பெட்டி கோயிலை விட்டு வெளியே வரும்போது அது ஒலித்தால் மானம் போய்விடும். மேலே ஏறி உருளையை நிறுத்தியாக வேண்டும். நகராட்சியின் மறுசாவியை அப்பா தொலைத்தது பழைய கதை.

"ஏம்மா, சாவி எங்கன்னு தெரியுமா தெரியாதா?"

அம்மா ஆல்மா கண்ணாடி முன்னால் கறுப்புத் தொப்பியைச் சரிசெய்தாள். "உங்கப்பா கோட்டுப் பையில."

"எந்தக் கோட்டு?"

"போட்டுக்கிட்டிருக்காரே, அது."

லுத்கார்ட் பெட்டியைப் பார்த்தாள். மூடியைத் திருகி முடித்திருந்தார்கள்.

"எடுக்க மறந்துட்டியா?"

"நான்தான் வெச்சேன். சாவி கையில கெடைச்சா சாயங்காலத்துக்குள்ள பாட்டை மாத்திருவாங்க." அம்மா தொப்பி ஊசியைக் குத்தினாள். "இத்தனை வருசமா ஊருக்கே வாசிச்சீங்களே, எனக்குன்னு ஒண்ணு வாசிச்சீங்களான்னு அவர்கிட்ட கேட்டேன். அதுக்கப்புறம்தான் இதைப் பதிச்சாரு. நாங்க மொதமொதல்ல ஆடினது அதுக்குத்தாண்டி. ஆட்டமா அது? என் காலை மிதிச்சே கூழாக்கிட்டாரு அந்த மனுஷன்."

பன்னிரண்டு அடிப்பதற்குள் முடித்துவிட, கோயிலில் பாதிரியார் பிரசங்கத்தைச் சுருக்கத்தான் பார்த்தார். பழக்கம் விடவில்லை. கதவு திறந்ததும் மேலிருந்து வாத்து இறங்கி வந்தது.

பாதிரியார் ஜெபப் புத்தகத்தை மூடினார். பெட்டி தூக்கியவர்கள் மெதுவாகத்தான் நடக்க முயன்றார்கள். இரண்டாவது அடியிலேயே கால்கள் தாளத்துக்குப் போய்விட்டன. பெட்டி தோள்களின் மேல் ஏறி இறங்கியது. லுத்கார்டுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மா பெட்டியை ஒட்டி நடந்தாள். பாட்டு திரும்பும் இடத்தில் இடது காலைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.